டெண்டர் விட முடியாத வலைப்பூ

ஆயுத பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையனின் சான்றிதழ் விஷயமாக ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்தத் தலைமையாசிரியருக்கு மெமோ போகும். சொல்லாவிட்டாலும் அது உங்களுக்குத் தெரிந்த பள்ளிதான்.

ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஸ்மார்ட் போர்டு. அதற்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை. உறைக்கு மேலே சந்தனம், குங்குமம். காய்ந்த சாமந்திச் சரம் ஒன்று ஓரத்தில் தொங்கியது. ஆயுத பூஜையன்று ஆயுதங்களுக்கு ஒருநாள் ஓய்வு கொடுப்போம். இது வருஷம் பூராவும் ஓய்வில் இருக்கும் ஆயுதம்.

அதுகூடப் பரவாயில்லை. மாட்ட வந்தவர் அளவு பார்க்கவில்லை. பழைய கரும்பலகையின் மேலேயே, நட்டநடுவில், துளை போட்டு மாட்டிவிட்டுப் போய்விட்டார். கரும்பலகையில் இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் இரண்டடி மிச்சம். கணக்கு டீச்சர் இடப்பக்கத்தில் கணக்கைத் தொடங்கினார். இடம் தீர்ந்தது. சாமந்தியைத் தாண்டி நடந்து போய் வலப்பக்கத்தில் விடையை முடித்தார். வில்லியனூர்த் தேர் நகர்வதைப் பார்ப்பதுபோல் அத்தனை பிள்ளைகளின் தலையும் கூடவே திரும்பியது.

வெளியே நின்றிருந்த உதவியாளரிடம் கேட்டேன்.

"இது ஓடாதாண்ணே?"

"ஓடுமே சார். போன ஜனவரியில ஓடுச்சு. அதிகாரி வந்திருந்தாரு."

"ரிமோட் எங்க?"

"எச்.எம். பீரோவுல."

"எச்.எம். எங்க?"

"மீட்டிங் போயிருக்காரு."

"என்ன மீட்டிங்?"

"டிஜிட்டல் கிளாஸ் எப்படி நடத்துறதுன்னு."

சிரிக்காதீர்கள். அந்த மீட்டிங்குக்கு டீ செலவு உங்கள் பணம்.

தலைமையாசிரியர் வந்தார். நல்ல மனிதர். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் பாக்கி. போர்டை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துப் போட்டார். ஸ்டாக் ரெஜிஸ்டர். அதில் பெஞ்சு, மணி, குளோப், அடுப்பு வரிசையில் போர்டும் ஏறியிருந்தது. கீழே அவர் கையெழுத்து.

"சார், பசங்க கை பட்டு ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வைங்க. ஆடிட்ல எழுதிடுவாங்க. ரிட்டயர் ஆகும்போது நோ டியூஸ் கிடைக்காது. பென்ஷன் பேப்பர் நிக்கும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு, புதுப்பிக்கச் சொல்லி எழுதியிருக்கேன், பதில் வரல. பாடம் நடத்தலைன்னா யாரும் என்னைக் கேக்கப் போறதில்ல. போர்டு ஒடஞ்சா கேப்பாங்க."

நம் கல்விக் கொள்கை முழுவதும் அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. கருவி பத்திரமாக இருக்க வேண்டும். பிள்ளை எப்படிப் போனாலும் பதிவேட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

இந்த வியாதி இன்று வந்ததில்லை. வயது நாற்பது தாண்டிவிட்டது. 1984இல் பள்ளிகளில் கணினி அறிவு என்று மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து பிபிசி மைக்ரோ கணினிகள் வந்து இறங்கின. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பினோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. கீழே வகுப்பறைக்குத்தான் வந்து சேரவில்லை. பயன்படுத்திய லட்சணத்தைப் பின்னாளில் மத்திய தணிக்கைத் துறையே கழுவி ஊற்றியது. 2011 அக்டோபரில் ஆகாஷ் டேப்லெட். 35 டாலருக்கு உலகத்திலேயே மலிவு என்று அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் தூக்கிக் காட்டினார். அந்த ஆகாஷை உங்கள் வீட்டில் யாராவது தொட்டுப் பார்த்ததுண்டா? அதே 2011இல் தமிழ்நாட்டில் இலவச லேப்டாப். மூடியில் முதலமைச்சர் படம். லேப்டாப்பைத் திறந்தால் படம் எதிரே இருப்பவருக்குத் தெரியும். படிப்பு பையனுக்கு, தரிசனம் ஊருக்கு. புதுச்சேரி மட்டும் சும்மா இருக்குமா? நாமும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மேடை, நாற்காலி, சால்வை, வரவேற்புரை, புகைப்படம். லேப்டாப்பை வைத்து என்ன செய்வது என்று மேடையில் யாரும் சொல்லவில்லை. நன்றியுரைக்கே நேரம் போதவில்லை.

ஏதோ நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று தாழ்வு மனப்பான்மை வேண்டாம். பெரு நாட்டில் 10 லட்சத்துக்கும் மேல் லேப்டாப் கொடுத்தார்கள். பாடம் நடத்தும் முறையோடு அவற்றைச் சேர்க்காததால் படிப்பு ஓர் அங்குலமும் உயரவில்லை என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு கல்வி அறிக்கை எழுதியது. அதே வருஷம், வகுப்பறைக்குள் திரையைத் திணித்ததில் முன்னணியில் இருந்த ஸ்வீடன் மறுபடி அச்சுப் புத்தகத்தை வாங்கத் தொடங்கியது. அவர்கள் தப்பைச் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். நாம் அதே தப்பைச் செய்யப் போகும் வழியில் அவர்களுக்கு எதிரே கையாட்டிக்கொண்டு போகிறோம்.

பதிவேட்டை நம்பும் இந்த வியாதியில் புதுச்சேரிக்குத் தனி அனுபவம் உண்டு. 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் சோதனையைச் சண்டிகரிலும் நம் ஊரிலும்தான் தொடங்கினார்கள். அரிசி எண்ணாக மாறியது. பிறகு ரேஷன் கடையே மூடிக்கிடந்தது. வருஷக்கணக்கில். 2024 அக்டோபரில் திறந்தார்கள், அதுவும் ஒரு விழா. கணக்கில் எண் ஏறினால் வயிற்றில் சோறு ஏறிவிட்டதாக அர்த்தம். ஸ்டாக் ரெஜிஸ்டரில் போர்டு ஏறினால் மண்டையில் பாடம் ஏறிவிட்டதாக அர்த்தம். ஒரே கணக்குப்பிள்ளை எழுதிய இரண்டு கணக்கு.

இதற்கு நடுவில் 2023-24இல் அரசுப் பள்ளிகளைத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து பிய்த்து சிபிஎஸ்இயில் நட்டார்கள். செடியைக்கூட வேரோடு மண்ணையும் சேர்த்துத்தான் பெயர்த்து நடுவோம். ஆங்கிலப் புத்தகம் வந்தது. அதை வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வருவதற்குள் தேர்வு வந்தது. 2025இல் முதல் செட் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதி முடித்தன. இந்தப் பிள்ளைகளுக்கு அன்று தேவைப்பட்டது சொந்த வாக்கியத்தில் நாலு வரி எழுதும் பயிற்சி. போர்டு ஓடும் பள்ளிகளில் கிடைத்தது சுழலும் இதயம். திரையில் இதயம் முப்பரிமாணத்தில் சுழல்கிறது, ரத்தம் நீலமாகப் போய்ச் சிவப்பாக வருகிறது, பின்னணியில் வீணை. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கின்றன. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்." பீரியட் முடிந்தது. கேள்வி கேட்டவரும் இல்லை, எழுதியவரும் இல்லை. சில தனியார் பள்ளிகளில் இந்தச் சுழலும் இதயத்துக்கு ஸ்மார்ட் கிளாஸ் ஃபீஸ் என்று தனி ரசீது. இதயம் இருப்பதற்கு அத்தாட்சி அது ஒன்றுதான்.

உண்மையான டிஜிட்டல் கல்வி எங்கே நடக்கிறது தெரியுமா? எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் 20 மதிப்பெண் பள்ளியே போடுவது. அதில் 5 மதிப்பெண் போர்ட்ஃபோலியோவுக்கு. அதாவது பிள்ளை வருஷம் முழுக்கத் தானே செய்து, எழுதி, சேர்த்துவைத்த வேலைகளின் தொகுப்பு. காகிதத்தில் இது அற்புதமான யோசனை. நடைமுறையில் ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவின் வாட்ஸ்அப்பில் வரும். "நாளைக்குள் மழைநீர் சேகரிப்பு ப்ராஜெக்ட் சப்மிட் செய்யவும்." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். கடை வாசலில் இவரைப்போல் ஏழு அப்பாக்கள்.

"அண்ணே, மழைநீர் சேகரிப்பு ஒண்ணு."

"இங்கிலீஷா தமிழா?"

"இங்கிலீஷ்."

"கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா? கலர்னா அஞ்சுக்கு அஞ்சு. போன வருஷமே பாத்துட்டேன்."

பரோட்டா பார்சல் கட்டுவதுபோல் கட்டிக் கொடுக்கிறார். முகப்பில் பையன் பெயரை அழகாகத் தட்டச்சு செய்ததும் அவரே. இந்தத் தெருவில் பத்தாம் வகுப்பை அதிகமுறை பாஸ் பண்ணியவர் அவர்தான். மழைநீர் சேகரிப்பு பற்றி இப்போது கேட்டாலும் ஒப்பிப்பார். கடைக் கூரைக்குக் குழாய் மட்டும் வைக்கவில்லை.

மறுநாள் ஆசிரியர் நாற்பது ஒரே மாதிரித் தொகுப்புகளை வாங்கி, நாற்பதிலும் கையெழுத்துப் போட்டு, அவற்றை அடுக்கிப் படம் பிடித்து மேலே அனுப்புகிறார். மேலே இருப்பவர் அதை இன்னும் மேலே அனுப்புகிறார். எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருக்கும் டிஜிட்டல் கருவி பாடம் நடத்த வந்ததில்லை, அவரை வேவு பார்க்க வந்தது. யூடைஸ் தளத்தில் பள்ளி விவரம் ஏற்று. பிள்ளைக்கு அபார் அடையாள எண் எடுத்தாயிற்றா சொல். இன்று என்ன தினமோ அந்தத் தினத்தைக் கொண்டாடிப் படம் போடு. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் எமிஸ் என்னும் தகவல் ஏற்றும் தளம். 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அங்கே அறிவித்தார்கள், மகிழ்ச்சி. அந்த வகுப்பறைக்குள் போக விடாமல் எங்களை எமிஸில் கட்டிப் போடாதீர்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் வருஷக்கணக்காகக் கத்துகின்றன. மரக்கன்று நட்டால் போதாது, நட்டதைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். கன்று செத்தால் கேள்வி இல்லை. படம் ஏறாவிட்டால் விளக்கக் கடிதம்.

இனி ஒரு பழைய செய்தி. ஏறக்குறைய 20 வருஷத்துக்கு முன், இதே புதுச்சேரியில், பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரித் தமிழாசிரியர் மு. இளங்கோவன் ஒரு வேலை செய்தார். தானே வலைப்பூ தொடங்கித் தமிழில் எழுதினார். அதோடு நிற்காமல் ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய்த் தமிழில் எப்படித் தட்டச்சு செய்வது, வலைப்பூ எப்படித் தொடங்குவது என்று மாணவர்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். 'இணையம் கற்போம்' என்று புத்தகமும் போட்டார். 2007 டிசம்பரில் புதுச்சேரி வலைப்பதிவர்கள் சேர்ந்து இந்த ஊரிலேயே பட்டறை நடத்தினார்கள். புதுக்கோட்டையில் நா. முத்துநிலவன் என்ற பள்ளித் தமிழாசிரியர் தானும் எழுதி, சக ஆசிரியர்களையும் வலைப்பூ தொடங்கவைத்தார். 2015 அக்டோபரில் அங்கே வலைப்பதிவர்கள் திருவிழாவே கூடியது.

செலவு? வலைப்பூ தொடங்கும் பிளாகர் தளம் 1999இல் வந்தது. 2003இல் கூகுள் வாங்கியது. அன்றும் இன்றும் இலவசம். தமிழ் எழுத்துருவும் இலவசம். தமிழ்த் தட்டச்சு மென்பொருளை இலவசமாகக் கொடுத்த தமிழர்கள் சொந்தக் காசில் கொடுத்தார்கள்.

இங்கேதான் குறையே. ஒரு பள்ளி வலைப்பூ தொடங்குவதற்கு அரசாங்கம் செலவழிக்க வேண்டிய தொகை பூஜ்யம். பூஜ்யத்துக்கு டெண்டர் விட முடியாது. பூஜ்யத்தில் பத்து சதவீதமும் பூஜ்யம். இலவச வலைப்பூவுக்கு ரிப்பன் எங்கே கட்டுவது? மூடியில் யார் படத்தை ஒட்டுவது? ஆயுத பூஜைக்குப் பொட்டு எங்கே வைப்பது? ஆகவே அது கல்வித் தொழில்நுட்பத்தில் சேராது.

வலைப்பூவில் மாய மந்திரம் ஏதுமில்லை. கட்டுரை நோட்டைப் படிக்க ஒரே ஓர் ஆள்தான். அவரும் படிப்பதில்லை. சிவப்பு மையில் ஒரு சுழி, கீழே தேதி. முடிந்தது. அதே கட்டுரையை வாரம் ஒருமுறை வகுப்பு வலைப்பூவில் போட்டால் பக்கத்துப் பள்ளிப் பையன் படிப்பான். பாகூர்ச் சிறுமி எழுதியதை முத்தியால்பேட்டைச் சிறுமி படிப்பாள். பாரீஸில் இருக்கும் பெரியப்பா படித்துவிட்டுப் போன் போட்டு, "ஏன்டா, கடற்கரையில நேரு சிலையைப் பத்தி எழுதினே, பழைய கலங்கரை விளக்கத்த விட்டுட்டியே" என்பார். யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்த கணமே பிள்ளை தன் வாக்கியத்தைத் தானே திருத்தும். எந்தச் சுழலும் இதயமும் இதைச் செய்யாது. லேப்டாப் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. சிபிஎஸ்இயின் அந்த 5 மதிப்பெண்ணையும் இதற்கே போடலாம். ஜெராக்ஸ் கடைக்காரர் பாவம், வருமானம் குறையும்.

செய்ய மாட்டார்கள். காசு மட்டும் காரணமில்லை. பயம்.

சிபாரிசு பண்ணிப் பாருங்கள். உடனே குழந்தைகளின் பாதுகாப்பு நினைவுக்கு வரும். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டுவார்கள், 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். வாங்குங்கள். முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். படம் வேண்டாம். ஆசிரியர் பார்த்த பிறகு வெளியிடுங்கள். பத்து நிமிஷ வேலை. ஆனால் பிள்ளையின் ஆதார் எண்ணைக் கேட்டு வீட்டுக்கு நாலு தடவை ஆள் விட்டபோது இந்தக் கவலை எங்கே போயிருந்தது? விழா மேடையில் லேப்டாப்போடு நிற்கவைத்து, அத்தனை பிள்ளை முகத்தையும் முகநூலில் ஏற்றியபோது எந்தப் பெற்றோரிடம் சம்மதம் கேட்டீர்கள்?

பயம் வேறு இடத்தில். எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் உன் பள்ளியைப் பற்றி எழுது என்றால் அவள் என்ன எழுதுவாள்? "எங்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கதவைப் பிடித்தவளுக்குப் பாடம் போய்விடும்." கட்டுரை நோட்டில் எழுதினால் சிவப்புச் சுழி. வலைப்பூவில் எழுதினால் ஊர் படிக்கும். நாளிதழ் எடுத்துப் போடும். எதிர்க்கட்சிக்காரர் தாழ்ப்பாளோடு சட்டசபைக்கு வருவார். கோப்பு துணைநிலை ஆளுநர் மாளிகைக்கும் முதலமைச்சர் அலுவலகத்துக்கும் நடுவே நடக்கும். ஒரு தாழ்ப்பாளுக்கு இவ்வளவு அமர்க்களமா? அதற்குச் சும்மா பிள்ளையை வாய் மூடித் திரையைப் பார்க்க வைப்பதே மேல். டிஜிட்டல் வகுப்பறை என்று இவர்கள் சொல்வது, பிள்ளை பார்க்கும் வகுப்பறை. பிள்ளை பேசும் வகுப்பறையை எந்த டெண்டரிலும் கேட்டதில்லை.

இந்த ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், 1909இல் வேலைக்குச் சேர்ந்து 1946இல் ஓய்வு பெற்றவர், அரசு ஊழியராக இருந்துகொண்டே பத்திரிகைகளுக்கு எழுதினார். கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் புனைபெயர் வைத்துக்கொண்டார். இன்னொரு புனைபெயர்தான் நிலைத்தது. பாரதிதாசன். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் பிழைத்துவிட்டார். இன்று இருந்திருந்தால் கிண்டல்காரனுக்கு இரண்டாவது வாரமே மெமோ, மூன்றாவது வாரம் ஏனாமுக்கு மாறுதல். அவர் பெயரில் கல்லூரி, அவர் பெயரில் தெரு, அவர் வாழ்ந்த வீட்டில் அருங்காட்சியகம். அவர் செய்த வேலையை ஒரு பிள்ளை செய்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்ணுங்கருத்துமாக இருக்கிறோம்.

சரி, பெரிய விஷயங்களை விட்டுவிடுகிறேன். வலைப்பூ வேண்டாம். பிள்ளைகள் எழுதவும் வேண்டாம். கல்வித்துறைக்கு ஒரே ஒரு சின்ன விண்ணப்பம் வைக்கிறேன். அந்த ஒன்பதாம் வகுப்புச் சுவரில் வலப்பக்கம் நிறைய இடம் காலியாக இருக்கிறது, நான் பார்த்தேன். ஸ்மார்ட் போர்டைக் கழற்றிக் கரும்பலகையைத் தாண்டித் தள்ளி மாட்டுங்கள். ஒரு டிரில்லர், நாலு ஸ்க்ரூ, அரை மணி நேரம். பொட்டும் சாமந்தியும் அப்படியே இருக்கட்டும். கணக்கு டீச்சருக்குக் கரும்பலகை முழுசாகக் கிடைக்கும்.